தரை ஓடும் இடம்

அவருடைய இடது கன்னம் கறுப்பு, வலது கன்னம் மாநிறம். ஒரே முகத்தில் இரண்டு பேர் வாடகைக்குக் குடியிருப்பது போல இருக்கும். காரணம் தெரியாதவர்கள் ஏதோ தோல் வியாதி என்று நினைத்து டீக்கடை பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். வியாதி இல்லை, வழக்கம். பூமியின் மேல் எது ஓடினாலும் அவர் அதன் மேல்பக்கத்தைப் பார்க்க மாட்டார். இடது கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்து, அடியில் பார்ப்பார். கரித்தூள், தார், டீசல் சிந்திய மண், உப்புக்காற்று காய்ந்த சிமென்ட் எல்லாம் வருஷக்கணக்கில் அந்தக் கன்னத்தோடு பேசிப் பேசி, தங்கள் நிறத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தன.

நான் முதலில் பார்த்தது கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில். சாத்திய கேட்டுக்கு இந்தப் பக்கம் சைக்கிள்கள், கைவண்டிகள், என் லாரி. சரக்கு ரயில் தடதடவென்று வருகிறது. ஒரு மனிதர் சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டு, கேட்டுக்குக் கீழே குனிந்து நுழைந்து, தண்டவாளத்துக்கு ஐந்தடி தள்ளிக் குப்புறப் படுத்துவிட்டார். மீன்கூடை வைத்திருந்த ஓர் அம்மா, ஆள் மயங்கி விழுந்துட்டான் என்று கத்தினாள். சோடா விற்கிறவர் கோலியைத் தட்டி, பாட்டிலைக் குலுக்கி, முகம் பார்த்துப் பீய்ச்சினார். படுத்திருந்தவர் திரும்பவே இல்லை. ஒரு கையை மட்டும் தூக்கினார்.

"இரு நைனா, இன்னும் நாலு பொட்டி கீது."

ரயில் போய்விட்டது. சொட்டச் சொட்ட எழுந்து நின்று, யாரைப் பார்த்தும் இல்லாமல் சொன்னார்: "குப்ப வெளிய போவல. உள்ளல்ல போச்சு."

லாரியிலிருந்து எட்டிப் பார்த்தேன். வாழையிலைக் கிழிசலும் பொட்டலக் காகிதமும் ரயில் வருமுன் தண்டவாளத்துக்கு வெளியே கிடந்தவை. இப்போது இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே கிடந்தன. அத்தனை இரும்பு ஓடும்போது எல்லாம் வெளியேதானே எறியப்பட வேண்டும்? இத்தனை வருஷமாக அந்தக் கேட்டில் நின்றிருக்கிறேன். ஒருநாளும் பார்த்ததில்லை. சைக்கிளோடு அவரை லாரியில் ஏற்றிக்கொண்டேன். வழியெல்லாம் சோடா வாசனை.

அப்போது எனக்கு இருபத்தாறு. ஓரிடத்தில் கால் தங்காத வயது. இப்போதும் தங்குவதில்லை, ஆனால் இப்போது காலுக்குப் பதில் பேனா. அவருக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்சந்தில் வீடு. எண்ணூர்ப் பக்கம் கடலை ஒட்டிய ஒரு நிலக்கரி முற்றத்தில் வேலை. கரியைச் சுமந்துகொண்டு ஓடும் ரப்பர் பெல்ட் அறுந்தால் ஒட்டுப் போடுகிறவர். அறுந்த முனைகளைப் படிப்படியாகச் சீவி, பசை தடவி, இரண்டு சூட்டுத் தகடுகளுக்கு நடுவே வைத்து இறுக்குவார். ஒட்டு ஆறியதும், கரி ஏற்றாமல் அரைமணி நேரம் பெல்ட்டை வெறுமனே ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். அது முற்றத்து விதி. மற்ற ஒட்டுக்காரர்கள் அந்த அரைமணியில் டீ குடிக்கப் போவார்கள். இவர் பெல்ட் ஓரத்தில் குந்தி, ஓடும் ரப்பரையும் அதன் மேல் பறக்கும் தூசையும் பார்த்துக்கொண்டிருப்பார்.

பெல்ட் கிழக்கிலிருந்து மேற்கே, கடலுக்கு முதுகு காட்டி ஓடும். மத்தியானக் கடல்காற்றும் அதே திசை. சில நாட்களில், சில நிமிஷங்களில், காற்றின் வேகமும் பெல்ட்டின் வேகமும் ஒன்றாகிவிடும். அப்போது ஒரு துண்டுக் கரியை பெல்ட்டில் வைத்து, அதற்கு மேலே ஒரு பிசிறு இலவம்பஞ்சை விட்டால், கரிக்குக் குடை பிடித்தது போலப் பஞ்சு கூடவே போகும். முந்தாது, பிந்தாது. அதற்கு 'ஜோடி' என்று பெயர் வைத்திருந்தார். இன்னிக்கு ஜோடி வந்துச்சு நைனா என்று, பெண்ணுக்கு வரன் வந்தது போல வந்து சொல்வார். அதனால் என்ன பிரயோஜனம் என்று அப்போது அவருக்கும் தெரியாது.

ஏன் அண்ணாத்த எப்பவும் அடியிலேயே பார்க்கிறீங்க என்று ஒருமுறை கேட்டேன்.

"மேல பாக்கறதுக்கு ஊரே கீது. அடிய யாரு பாக்கறது?"

அக்காவுக்கு, அதாவது அவர் மனைவிக்கு, இதில் பெரிய பேஜார். சட்டைகளின் இடது தோளை மட்டும் தனியாகச் சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும். தலையணை உறையில் ஒரு பக்கம் மட்டும் கறுக்கும். மாதா திருவிழாவில் நடந்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். தேர் தெருவில் திரும்புகிறது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு இவர் போய்த் தேருக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாராம். கன்னம் தரையில். பார்த்தவர்கள் ஏதோ பெரிய வேண்டுதல் என்று நினைத்து, பக்கத்தில் ஒருவர், அதற்குப் பக்கத்தில் ஒருவர் என்று வரிசையாக விழுந்துவிட்டார்கள். தேர் இழுத்தவர்கள் கயிற்றைக் கீழே போட்டு நிற்க வேண்டியதாகிவிட்டது. மறுநாள் பங்குச் சாமியாரே அவர் பக்தியைப் புகழ்ந்தாராம்.

"எனக்கில்ல தெரியும் தம்பி, இவரு இன்னாத்த பாத்தாருன்னு," என்றாள் அக்கா.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து, உண்மையான வருத்தத்தோடு சொன்னார், தேர் ரொம்ப மெதுவாகப் போகிறதாம். அது போவதே காற்றுக்குத் தெரியவில்லையாம்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் என் பெரியப்பா மகன் லாரிப் பட்டறை வைத்திருந்தார். அங்கே நானும் அந்த அண்ணனும் ஒரு பழைய காரை வெட்டி, ஒட்டி, ரேஸ் கார் ஆக்கிக்கொண்டிருந்தோம். சோழவரத்தில் பழைய விமானத்தளத்தில் கார் ரேஸ் நடக்கும். அந்தத் தடவை ஜெயித்தால் பெங்களூரில் ஒரு பெரிய மனிதர் தன் கார்களை ஓட்ட என்னைக் கூப்பிட்டுக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். லாரி ஸ்டியரிங்கிலிருந்து ரேஸ் ஸ்டியரிங்குக்கு. எனக்கு அதைத் தவிர வேறு கனவு கிடையாது. மணலிக்கு லோடு அடிக்கும்போதுகூட மனசுக்குள் வளைவு திரும்பிக்கொண்டிருப்பேன்.

அவர் வந்தார். காரைச் சுற்றிப் பார்க்கவில்லை. நேராகப் படுத்தார்.

மறுவாரம் காரின் வயிறு முழுக்கச் சிவப்புக் கம்பளி நூல்களை மைதா பசையால் ஒட்டினார். ஒவ்வொன்றும் ஒரு விரல் நீளம். காற்று எங்கே போகிறதோ நூல் அங்கே காட்டும் என்றார். பட்டறையில், லாரிக்கு அடியில் நின்று கிரீஸ் அடிப்பதற்காக வெட்டிய குழி ஒன்று உண்டு. அதற்குள் மல்லாந்து படுத்துக்கொண்டு, முழு வேகத்தில் தன் மேல் ஓட்டிப் போகச் சொன்னார். குழியின் அகலம் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே எப்படியோ அடங்கும். ஒரு சாண் தப்பினால் சக்கரம் குழிக்குள், அவர் மேல். அண்ணன் முடியாது என்றார். நானும் முடியாது என்றேன்.

"லாரிய தெனம் நிறுத்தறியே, கோட்டு மேல? அதே கோடுதான். நான் சொம்மா படுத்துகினு இருப்பேன்."

தெருமுனையிலிருந்து வேகமெடுத்து வந்தேன். குழி கண்ணில் பட்டது, பிறகு படவில்லை. பின்வாசல் தாண்டி நிறுத்தி ஓடி வந்தபோது, முகமெல்லாம் எண்ணெய்த் துளிகளோடு, கண்ணை அகலத் திறந்தபடி படுத்திருந்தார். செத்துவிட்டாரோ என்று ஒரு நொடி நின்றேன். அவர் முகத்தில் இருந்ததை அப்புறம் நான் புதிதாகப் பிறந்த குழந்தைகளின் முகத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

ஏழு தபா போகச் சொன்னார். போனேன். எழுந்து உட்கார்ந்து, உதட்டைப் பிதுக்கினார். குழிக்கு மேலே வரும்போது நூல்கள் தாறுமாறாக ஆடுகின்றனவாம். வண்டி ரோட்டு மேல் ஓடப்போகிறது, குழி மேலா ஓடப்போகிறது?

"காத்து பொய் சொல்லாது நைனா. நாம கேட்ட எடம் தப்பு."

இதுதான் அவர் அடிக்கடி சொன்ன வாக்கியம். சோறு குழைந்தாலும் இதைச் சொல்வார், ரயில் தாமதமானாலும் சொல்வார். கேட்ட இடம் தப்பு.

அதற்குப் பிறகு, மூங்கில் குச்சியும் காத்தாடித் தாளும் வைத்து, ஒரு முழ நீளத்தில் எங்கள் காரைப் போலவே ஒன்று செய்தார். கையில் எடுத்தால் எடையே இல்லை. மேலே ஒரு கம்பியில் நூல் போட்டு, ஒரு முனையில் தாள் காரும் மறுமுனையில் ஊக்குக் கோர்வையுமாகத் தராசு போலத் தொங்கவிட்டார். ஊதினால் ஏறும், ஊதினால் இறங்கும். பட்டறை உலைக்குக் காற்று அடிக்கும் விசிறியை எதிரே திருப்பி, கீழே தரைக்குப் பதிலாக ஒரு பலகை போட்டு, காரை மேலும் கீழுமாக வைத்துப் பார்த்தார். பலகைக்கு நெருக்கமாக வந்ததும் அடியில் ஒட்டிய நூல்கள் தொய்ந்து தொங்கின. அவருக்குப் பரம திருப்தி. ரொம்பக் கிட்டே வந்தால் அடியில் காற்று தூங்கிவிடுகிறது, ஒரு வம்பும் பண்ணாது என்றார். குழாய்களிலும் கியர் பெட்டியிலும் கல் அடிக்காமல் இருக்க, வயிற்றுக்குக் கீழே மெல்லிய பலகை ஒன்று போட்டுவிடச் சொன்னார். தரைக்கும் அதற்கும் நாலு விரல் இடைவெளி போதும்.

காசிமேட்டிலிருந்து படகு ஆசாரி ஒருவர் வந்தார். படகு ஆசாரிக்குத் தட்டையாக ஒன்றைச் செய்யச் சொன்னால் கை வருமா? முன்னும் பின்னும் மேலே ஏற, நடுவில் தாழ, படகின் அடிவயிறு போலவே வளைத்துப் பூட்டிக் கொடுத்தார். அழகாக இருந்தது. காத்தும் தண்ணிதானே, வழுக்கிகினு போவட்டும் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம். தாள் காருக்கும் அதே வயிறு வைத்தார் அவர்.

ரேஸுக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை, சோழவரத்தில் ஓட்டிப் பார்க்க விட்டார்கள். கடைசி வளைவில் எங்கள் கார் எப்போதும் பின்பக்கம் வழுக்கும். அன்றைக்கு வழுக்கவில்லை. இன்னும் வேகமாகப் போனேன். வழுக்கவில்லை. யாரோ மேலிருந்து பெரிய உள்ளங்கையால் காரைத் தரையோடு அமுக்கிப் பிடித்தது போல இருந்தது. எனக்கு இருபத்தாறு வயது. அந்த உள்ளங்கை என்னுடையது என்றே நினைத்தேன். எனக்குக் கை வந்துவிட்டது. பெங்களூர் வந்துவிட்டது.

அண்ணனைப் பட்டறையில் இறக்கிவிட்டு, அந்தச் சந்தோஷத்தை அவரிடம் சொல்ல நேராக எண்ணூர் முற்றத்துக்குப் போனேன். ஒட்டுப் போட்டு முடித்து, கை கழுவிக்கொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்ல, அவர் முகத்தில் ஒவ்வொரு விளக்காக அணைந்தது.

"முந்தி வழுக்குன வளைவு, இப்ப வழுக்கலியா?"

இல்லவே இல்லை என்றேன்.

"பலக போட்டப்பறம்தானா?"

ஆமாம் என்றேன். அவர் ஈரக் கையோடு நின்றார். பலகை போட்டால் அடியில் காற்று தூங்கும், ஒன்றும் நடக்காது என்று சொன்னது அவர். இப்போது ஏதோ நடந்திருக்கிறது. நல்லதுதான் நடந்திருக்கிறது, ஆனாலும் நடக்கக் கூடாதது. வேறு யாராக இருந்தாலும் என் யோசனை பலித்தது பார் என்று மார்தட்டியிருப்பார்கள். அவர் தரையைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து, புது ஒட்டோடு பெல்ட் வெறுமனே ஓடத் தொடங்கியது. ரப்பர் எங்கள் காலடியில் மேற்கே போய்க்கொண்டே இருந்தது.

"ஐயோ," என்றார், மிக மெதுவாக. "தரை நின்னுகினு இருந்துச்சு நைனா."

எனக்குப் புரியவில்லை. விளக்கினார். பட்டறையில் காற்றை ஓடவிட்டோம், ஆனால் கீழே தரையாகப் போட்ட பலகை அசையாமல் கிடந்தது. அசையாத பலகை, தன்மேல் உரசும் காற்றைப் பிடித்து நிறுத்திவிடும். அதனால்தான் நூல் தொய்ந்தது. நிஜத்தில் வண்டியில் உட்கார்ந்திருக்கிறவனுக்குக் காற்றும் எதிரே வருகிறது, தரையும் எதிரே வருகிறது. இரண்டும் ஒரே வேகத்தில். ஜோடியாக. இத்தனை வருஷமாக தினமும் அதன் பக்கத்தில் குந்தியிருந்திருக்கிறார்.

தன் சாமான் பெட்டியிலிருந்து தாள் காரை எடுத்து வந்தார். தொட்டி போலக் குழிந்து ஓடும் பெல்ட், முனை உருளைக்குச் சற்று முன்னால் தட்டையாகும். அந்த இடத்தில் கம்பியைக் கட்டி, காரைக் கடலுக்கு முகம் காட்டித் தொங்கவிட்டு, காற்று தள்ளாமலிருக்க மூக்கை இரண்டு நூலால் முன்னே கட்டினார். ஒரு துண்டுக் கரி வைத்தார். பஞ்சு விட்டார். பஞ்சு முந்தியது. காத்திருந்தோம். மறுபடி பஞ்சு, பிந்தியது. அரைமணியில் பாதி போய்விட்டது. கடல் ஒரு மூச்சு இழுத்து நிறுத்தி, நிதானமாக விட்டது. கரிக்கு மேலே பஞ்சு, குடை போல, அப்படியே போயிற்று.

ஊக்குக் கோர்வையிலிருந்து கையை எடுத்தார்.

எடையே இல்லாத அந்தத் தாள் கார், தராசில் சமமாகத் தொங்கிக்கொண்டிருந்துவிட்டு, யாரும் தொடாமல் கீழே இறங்கத் தொடங்கியது. அதன் வயிற்றில் தொய்ந்து கிடந்த சிவப்பு நூல்கள் ஒவ்வொன்றாக விழித்து, நீண்டு, விறைத்து, பின்னே பறந்தன. இறங்க இறங்க இன்னும் வேகமாக இறங்கியது. இடுக்கு குறையக் குறையக் காற்று அவசரப்பட்டது. காற்று அவசரப்பட அவசரப்படக் கார் இன்னும் கீழே இழுபட்டது. பூமிக்கு வாய் இருக்கிறது என்று அன்றைக்குப் பார்த்தேன். காலையில் என்னைப் பிடித்த உள்ளங்கை மேலிருந்து வந்ததல்ல, கீழிருந்து.

மூக்கு பெல்ட்டைத் தொட்டது. தொட்ட நொடி அடியில் வழி அடைபட்டது. பிடி விட்டது. கார் துள்ளியது, மூக்கு தூக்கியது, எதிர்காற்று வயிற்றுக்குள் புகுந்து, நூலை அறுத்து, தலைகீழாகப் புரட்டி எறிந்தது. தட்டான்பூச்சி போலப் போய்க் கரிக்குவியலில் விழுந்தது.

அவர் நடந்துபோய் அதை எடுத்து வந்தார். மூங்கில் முறிந்திருந்தது. என் கையில் வைத்தார்.

"இதுக்குள்ள நீ குந்திகினு கீற."

பிறகு கேட்டார், அங்கே நேர் ரோட்டில் மேடு பள்ளம் ஏதாவது உண்டா என்று. உண்டு. கான்கிரீட் சேருகிற இடத்தில் ஒரு மேடு. அதைத் தாண்டினதும் வண்டி மூக்கால் குனியும். எவ்வளவு குனியும்? மூன்று விரல். சில நேரம் நாலு. பலகைக்கும் தரைக்கும் நடுவே இருந்ததே நாலு விரல்.

எனக்கு அவர் மேல் வந்தது கோபம்தான். உயிரைப் பற்றிய பயம்கூட அப்புறம்தான் வந்தது. காலையில் வளைவில் பிடித்தது என் கை இல்லை என்கிறாரே. அதைத்தான் முதலில் கேட்டேன். அவர், உன் கை நல்ல கைதான், ஆனால் அது காத்து என்றார். எனக்கு ஆறுதல் சொல்லக்கூட அவருக்குப் பொய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவரும் எங்களோடு லாரியில் வந்தார். சோழவரத்தில் காரை இறக்கியதும், அத்தனை மெக்கானிக்குகளுக்கும் டிரைவர்களுக்கும் நடுவே, தான் சொன்னது தப்பு என்று அண்ணனிடம் சொன்னார். பலகையைக் கழற்ற வேண்டும் என்றார். அண்ணன் முதல்நாள் வளைவில் தன் கண்ணாலேயே பார்த்தவர். கழற்றினால் தோல்வி என்று அவருக்குத் தெரியும். சுற்றி நின்றவர்கள் கேட்கும்படி சிரித்தார்.

"தரை எங்கயாச்சும் ஓடுமாய்யா?"

கூட்டமும் சிரித்தது. ஒருவன் குனிந்து தரையைக் கையால் பிடித்து, ஓடிடாதே, நில்லு என்றான். அவர் கறுத்த கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"வண்டியில குந்திகினு பாரு மாமு. ஓடும்."

என்னிடம் அவர் கெஞ்சவில்லை, தடுக்கவில்லை. காருக்கு முன்னால் கன்னத்தை வைத்துப் படுத்து, பலகைக்கும் தரைக்கும் நடுவே நாலு விரலை நுழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நாலு விரலைப் பார்த்தேன். கறுத்து, நகம் உடைந்து, பசை காய்ந்த விரல்கள். நான் பெங்களூருக்குப் போகிற வழி மொத்தமும் அந்த நாலு விரல் உயரத்தில் இருந்தது. ஸ்பேனரை எடுத்தேன். பதினாறு போல்ட். அண்ணன் முதுகைத் திருப்பிக்கொண்டு போனார். அந்த வருஷம் முழுக்க அவர் என்னோடு பேசவில்லை.

ரேஸில் ஐந்தாவதாக வந்தேன். வளைவில் ஒவ்வொரு சுற்றும் பின்பக்கம் வழுக்கியது. ஒவ்வொரு சுற்றும் யாராவது ஒருவர் தாண்டிப் போனார்கள். நேர் ரோட்டில் அந்த மேட்டைத் தாண்டும்போதெல்லாம் கார் மூக்கால் குனிந்தது, எழுந்தது, போனது. பலகையோடு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. நடக்காத ஒன்றுக்கு யார் சாட்சி சொல்வார்கள்? பெங்களூர்க்காரர் இன்னொரு பையன் தோளில் கை போட்டுக்கொண்டு போனதை, ஹெல்மெட்டைக் கழற்றாமலே பார்த்தேன்.

அவர் வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னாலிருந்து ஓடி வந்தார். எத்தனாவது வந்தேன் என்று கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வளைவுல வுட்டுச்சா?"

"வுட்டுடுச்சு அண்ணாத்த."

"முந்தி மாதிரியேவா?"

"அதே மாதிரி."

"அப்ப மெய்தான்," என்றார். அந்த முகம். முதல் தபா குழிக்குள் பார்த்த அதே முகம். நான் தோற்றதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதர் வேறு யாரும் இல்லை. அடிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே கோபமாக இருக்க முடியவில்லை. உலகத்தில் ஒரு விஷயம், ஒரே ஒரு விஷயம், ஐயமில்லாமல் தெரிந்துவிட்ட மனிதனின் முகம் அது. எனக்கு இத்தனை வயதில், இத்தனை வரிகள் எழுதியும், அப்படி ஒன்றும் தெரியவில்லை.

பெரிய கார்களின் ரேஸ் தொடங்கியது. அவர் போய்ப் படுத்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பிறகு நானும் அவர் பக்கத்தில், கான்கிரீட்டில், இடது கன்னத்தை வைத்துப் படுத்தேன். சூடு. டயர் வாசனை. முதல் கார் வந்தது. அதற்கும் பூமிக்கும் நடுவே ஒரு கோடு வெளிச்சம். அந்த வெளிச்சத்துக்குள் ஒரு வைக்கோல் துரும்பு நுழைந்து, தயங்காமல், கத்தி போல ஓடியது. மேலே உட்கார்ந்து எத்தனை வருஷம் வண்டி ஓட்டியிருக்கிறேன், கீழே இப்படி ஓர் ஆறு போய்க்கொண்டிருந்திருக்கிறது. அடுத்த கார். அடுத்த துரும்பு. நான் மூச்சை விடவில்லை.

பொழுது சாய ராயபுரம் வந்தோம். அக்கா வாசலில் நின்றிருந்தாள். ஜெயித்தோமா என்று கேட்க வாயெடுத்தவள், அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் கொண்டுவந்து, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே வைத்தாள்.

"ஒண்ணு போதாதுன்னு," என்றாள், "இப்ப ரெண்டு கன்னமா?"

அவர் சோப்பை எடுத்து முதலில் என்னிடம் நீட்டினார்.

நான் வலது கன்னத்தை மட்டும் கழுவினேன்.